கலரில் 'யு' போடணுமா, எடுக்கணுமா? சாயப்பட்டறை லேப் ரிப்போர்ட்டில் எழுத்துக்கூட்டல் குழப்பம்

ரிப்போர்ட்_டெஸ்க்:

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபுக்கு ஆங்கில டெம்ப்ளேட் எல்லாவற்றையும் புதிதாகப் போடுகிறோம். வாஷிங், ரப்பிங் டெஸ்ட் ரிப்போர்ட், லேப் டிப் அட்டை (பையர் ஒப்புதலுக்கான சாய மாதிரி), வாஷ்கேர் லேபிள் வாசகம் எல்லாம் இதில் அடக்கம். பையர்களில் பாதிப்பேர் அமெரிக்கா, மீதி இங்கிலாந்தும் ஐரோப்பாவும்.

பழைய ஃபைல்களில் 'கலர்' என்ற சொல் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக வருகிறது. தலைப்பில் 'ஓ'வுக்குப் பிறகு 'யு' இருக்கிறது, கீழே அட்டவணையில் இல்லை. 'கிரே' ஓரிடத்தில் 'இ' போட்டும் இன்னோரிடத்தில் 'ஏ' போட்டும் இருக்கிறது. 'ஃபைபர்' கடைசியில் 'ஆர்-இ' என்றும் 'இ-ஆர்' என்றும் வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடலாமா, இல்லை பையர் நாட்டுக்குத் தகுந்தபடி இரண்டு செட் வைக்கணுமா? டெஸ்ட் முறைகளின் பெயரிலும் கை வைக்கலாமா? ஃபைண்ட்-ரீப்ளேஸில் மொத்தமாக மாற்றினால் எது கெடும்? வேர்டு போடும் சிவப்புக் கோட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

லேப்_மேசை:

டெஸ்ட் பெயரில் மட்டும் கையே வைக்காதீங்க. உங்க தொழிலில் அந்த 'யு' வெறும் எழுத்துக்கூட்டல் இல்லை, எந்த டெஸ்ட் பண்ணினீங்க என்பதற்கே அடையாளம்.

சர்வதேச தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 105 வரிசை முழுக்க 'கலர் ஃபாஸ்ட்னஸ்' (சாயம் போகாத தன்மை) என்பதை 'யு' போட்டு, இரண்டு தனிச்சொல்லாக எழுதும். அமெரிக்க ஜவுளி வேதியியல், சாயத் துறைச் சங்கமான ஏஏடிசிசியின் முறைகளில் 'யு' கிடையாது, இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக வரும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற பையர் ஆபீஸ் ஆள் தலைப்பைப் பார்த்ததுமே எந்தப் பக்கத்து முறை என்று முடிவு பண்ணிடுவார். தலைப்பு ஒரு மாதிரி, அட்டவணை ஒரு மாதிரி இருந்தால், "ஐஎஸ்ஓ முறையில் பண்ணினதா, ஏஏடிசிசி முறையில் பண்ணினதா?" என்று மெயில் வரும். அவர் கேட்பதில் நியாயம் இருக்கு. இரண்டு டெஸ்டும் ஒன்று இல்லையே.

வாஷிங்கை எடுத்துக்கோங்க. ஐஎஸ்ஓ 105-சி06 முறையில் ஏ2எஸ் என்றால் 40 டிகிரி, 30 நிமிடம், 150 மில்லி கரைசல், 10 ஸ்டீல் குண்டு. ஏஏடிசிசி 61 முறையில் 2ஏ என்றால் 49 டிகிரி, 45 நிமிடம், அதே 150 மில்லி, ஆனால் 50 ஸ்டீல் குண்டு. இரண்டாவதில் துணி படுகிற பாடு எவ்வளவோ அதிகம். ஒன்றில் வந்த கிரேடை இன்னொன்றின் பெயரில் எழுதினால் அது பொய் ரிப்போர்ட்.

ரப்பிங்கில் சொல்லே வேற. ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 'ரப்பிங்' என்று சொல்லும், ஏஏடிசிசி 8 'கிராக்கிங்' என்று சொல்லும். ஈர ரப்பிங்குக்கு வெள்ளைத் துணியை நனைக்கிற அளவும் வேற. ஐஎஸ்ஓவில் துணி எடைக்கு 95 முதல் 100 சதவீதம் தண்ணீர், ஏஏடிசிசியில் 65 சதவீதம், கூடக்குறைய 5. அமெரிக்க பையருக்குப் போகிற ரிப்போர்ட்டில் 'ரப்பிங்' என்று தலைப்புப் போட்டு 'யு'வை மட்டும் எடுத்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கு.

நிறம் எவ்வளவு மாறியது, கறை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கிற கிரே ஸ்கேல் அட்டையும் அப்படித்தான். ஐஎஸ்ஓ 105-ஏ02, ஏ03 இரண்டிலும் 'இ' போட்ட கிரே. ஏஏடிசிசி ஸ்கேலில் 'ஏ' போட்ட கிரே. மேசையில் எந்த அட்டையை வைத்துப் பார்த்தீங்களோ அதன் மேல் அச்சடித்திருக்கிறதை அப்படியே எழுதுங்க.

சங்கங்களின் பெயரும் இதே கணக்கு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் 1884-ல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் டையர்ஸ் அண்ட் கலரிஸ்ட்ஸ் 'யு' போடும். 1921-ல் தொடங்கிய ஏஏடிசிசியின் முழுப்பெயரிலும் கடைசிச் சொல் அதே 'கலரிஸ்ட்ஸ்'தான், ஆனால் அங்கே 'யு' இல்லை. இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்துகிற சாயப் பட்டியலான கலர் இண்டெக்ஸ் (சி.ஐ.) 'யு' போட்டுத்தான் இருக்கு, அமெரிக்க ரிப்போர்ட்டில் வந்தாலும் அதை மாற்றக் கூடாது. அதில் சி.ஐ. சல்ஃபர் பிளாக் 1 என்ற சாயப் பெயரில் 'பி-ஹெச்' வரும். உப்பு மூட்டை மேல் சோடியம் சல்ஃபேட் 'எஃப்' போட்டு இருக்கும். ரெண்டும் ஒரே ரெசிப்பி ஷீட்டில் வந்தால் தப்பு இல்லை. ஒன்று சாயத்தின் பெயர், இன்னொன்று வேதிப்பெயர். வேதியியலில் 1990-லேயே சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபேக் 'எஃப்' என்று முடிவு பண்ணிடுச்சு.

ஒற்றெழுத்து:

லேப்_மேசை சொன்னது பெயர்களுக்கு. சொந்தமாக எழுதும் வாக்கியங்களுக்கு, அதாவது குறிப்பு, விளக்கம், மெயில், லேபிள் வாசகம் இவற்றுக்கு, பையரின் நாட்டு வழக்கைப் பின்பற்றுங்கள். இரண்டு செட் வைப்பதுதான் நல்லது. ஒன்றைத் திருத்தி இன்னொன்றாக்கும் வேலை ஒவ்வொரு முறையும் பிழையைக் கூட்டும்.

இதில் எது 'சரி' என்ற சண்டைக்கு இடமே இல்லை. லத்தீன் மூலத்தில் 'யு' கிடையாது, பிரெஞ்சு வழியாக வந்தபோது சேர்ந்துகொண்டது. இங்கிலாந்திலேயே நெடுங்காலம் இரண்டும் புழங்கின. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதி 'யு' பக்கம் நின்றது. 1828-ல் வந்த நோவா வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதி அதை எடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு பக்கம் நிலைத்துவிட்டன. நம் பாடப்புத்தகம் 'யு' போட்டுப் பழக்கியதால் 'யு' இல்லாதது பிழையாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

இனி ரீப்ளேஸ்.

'யு' இல்லாததை 'யு' உள்ளதாக மாற்ற மொத்த ரீப்ளேஸ் கொடுத்தால் முதலில் கெடுவது 'கலரிமீட்டர்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் அதற்கு 'யு' கிடையாது. 'கலரேஷன்', 'கலரன்ட்' இரண்டுக்கும் இல்லாமல் எழுதுவதே பெருவழக்கு. ஆங்கில விகுதி சேர்ந்தால் 'யு' தங்கும்: கலர்ஃபுல், கலர்லெஸ், கலரிங். லத்தீன் விகுதி சேர்ந்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். இதனால்தான் 'ஹியூமர்' 'யு'வோடு இருந்தாலும் 'ஹியூமரஸ்' 'யு' இல்லாமல் வருகிறது. அமெரிக்க பையரின் முகவரியில் கொலராடோ மாநிலம் இருந்தால் அந்தப் பெயருக்குள்ளும் 'யு' நுழைந்துவிடும்.

எதிர்த்திசையில் போகும்போது, 'ஓ-யு-ஆர்' என்று முடிவதையெல்லாம் 'ஓ-ஆர்' ஆக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் ஆவணமே பாழ். 'ஃபோர்' என்ற எண், 'அவர்', 'யுவர்' எல்லாம் சிதைந்துவிடும்.

'ஃபைபர்' மாற்றும்போது 'மல்டிஃபைபர்' சேர்ந்து மாறும், அதில் கேடில்லை. ஆபத்து 'மீட்டரில்' இருக்கிறது. நீளத்தைக் குறிக்கும் மீட்டர் பிரிட்டிஷில் 'ஆர்-இ', கருவியைக் குறிக்கும் மீட்டர் இரு நாட்டிலும் 'இ-ஆர்'. மொத்தமாக மாற்றினால் பிஹெச் மீட்டரும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் கெட்டுப்போகும். 'முழுச் சொல் மட்டும்' என்ற பெட்டியில் டிக் போட்டாலும் பிஹெச் மீட்டர் தப்பாது, அங்கே அது தனிச்சொல்லாகவே நிற்கிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

சாயம் சீராக ஏற உதவும் 'லெவலிங் ஏஜென்ட்' பலர் கவனிக்காமல் விடுவது. பிரிட்டிஷில் இரண்டு 'எல்', அமெரிக்கனில் ஒன்று. 'லேபலிங்' கூட அப்படியே.

வேர்டில் மொழி அமைக்க: கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ, லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் போய் யுகே அல்லது யுஎஸ் ஆங்கிலத்தைக் கொடுங்கள். அதே பெட்டியில் 'மொழியைத் தானே கண்டுபிடி' என்பதையும் 'எழுத்துப்பிழை பார்க்காதே' என்பதையும் எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல்-ஏ தலைப்புப் பட்டை, அடிப்பட்டை, டெக்ஸ்ட் பாக்ஸ் இவற்றை எட்டாது. அவற்றுக்குள் தனித்தனியாகப் போய்ச் செய்ய வேண்டும். பையரின் மெயிலிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி தன் மொழி அமைப்பையும் கூடவே கொண்டுவரும். ஒரே பக்கத்தில் ஒரு பத்தியில் மட்டும் சிவப்புக் கோடு வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்த சொற்களை வேர்டும் எக்செலும் இயல்பாகப் பார்க்காமல் விட்டுவிடும். ரிப்போர்ட் தலைப்புகள் எல்லாமே பெரிய எழுத்தில்தான் இருக்கும், ஆகவே அங்கே எது இருந்தாலும் கோடு வராது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங்கில் 'பெரிய எழுத்துச் சொற்களைத் தவிர்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எக்செல் அடிக்க அடிக்கக் கோடு போடாது, எஃப்7 அழுத்தினால்தான் பார்க்கும்.

நிரல்_பட்டறை:

ரிப்போர்ட் எக்செலிலோ வெப் பக்கத்திலோ தயாராகிறது என்றால் இன்னும் சில இடங்கள் இருக்கு.

வெப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ்ஸில் கலர் என்ற பண்புக்கு 'யு' கிடையாது. 'யு' போட்டால் எர்ரர் எதுவும் காட்டாது, பிரவுசர் அந்த வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிட்டுப் போயிடும். ஃபெயில் ஆன கிரேடு சிவப்பில் வரணும் என்று எழுதியிருப்பீங்க, அது கறுப்பாகவே நிற்கும். ரிப்போர்ட் பார்க்கிறவருக்கு எல்லாம் பாஸ் மாதிரித் தெரியும். 'சென்டர்' என்பதைக் கடைசியில் 'ஆர்-இ' போட்டாலும் இதே கதை. 'கிரே'க்கு மட்டும் இப்போ 'ஏ', 'இ' இரண்டையும் ஏற்கும். அதனால் பிரிட்டிஷ் செட் தயார் பண்ணும்போது ரீப்ளேஸை நிரல் இருக்கிற ஃபைலில் ஓட்டவே கூடாது. திரையில் தெரிகிற வாசகத்தைத் தனி ஃபைலில் வைத்து அதில் மட்டும் மாற்றுங்க.

ஆர் மொழியில் ஜிஜிபிளாட்2 வைத்து கிராஃப் போடுகிறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கலரை இரண்டு விதமாகவும் ஏற்கும். ஆனால் உங்க டேட்டா நெடுவரிசையின் தலைப்பு எப்படி இருக்கோ அப்படியேதான் கொடுக்கணும்.

எக்செலில் உண்மையான சேதம் தேடலில் வரும். ஆர்டர் ஷீட்டில் 'கிரே மெலாஞ்ச்' என்பது 'இ' போட்டு இருக்கும், ஸ்டாக் ஷீட்டில் 'ஏ' போட்டு இருக்கும். பெயரைத் தேடி எடுக்கிற விலுக்அப் ஃபார்முலா இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது, கிடைக்கலைன்னு சொல்லிடும். பிவட் போட்டால் ஒரே ஷேடு இரண்டு வரியாகப் பிரிந்து, கிலோ கணக்கு இரண்டாக உடைந்து நிற்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை எக்செல் பொருட்படுத்தாது, ஒரு எழுத்து மாறினால் விடாது. ஷேடு பெயரை வைத்து எதையுமே இணைக்காதீங்க, ஷேடின் குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்க. பெயர் வெறும் பார்வைக்கு.

இரண்டு கூட்டலையும் ஒரே தேடலில் பிடிக்க, ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதி இருக்கிற எடிட்டரில் 'யு'வுக்கு அடுத்து ஒரு கேள்விக்குறி போடுங்க. 'யு' இருந்தாலும் இல்லாட்டியும் சரி என்று அர்த்தம். வேர்டின் வைல்டுகார்டில் இதைச் செய்யாதீங்க. அங்கே கேள்விக்குறி என்றால் 'ஏதோ ஒரு எழுத்து கட்டாயம்' என்று அர்த்தம், 'யு' உள்ளதும் இல்லாததும் எதுவுமே மாட்டாது. எல்லாம் சுத்தம் என்று நினைச்சு ஏமாந்துடுவீங்க. வேர்டில் இரண்டு தடவை தனித்தனியாகத் தேடுவதே வழி.

லேப்_மேசை:

கிரே பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கணும். நம்ம ஊரில் 'கிரே துணி' என்றால் சாம்பல் நிறத் துணி இல்லை, நிட்டிங்கிலிருந்து சாயம் ஏறாமல் வருகிற துணி. ஆங்கிலத்தில் அதற்கு 'கிரேஜ்' என்று தனிச்சொல்லே இருக்கு, இந்தியாவில் அதை 'இ' போட்ட கிரே என்றே எழுதிப் பழகிட்டாங்க. சாம்பல் நிறத்துக்காக 'இ'யை 'ஏ' ஆக்கி ரீப்ளேஸ் கொடுத்தால் பிராசஸ் ஷீட்டில் இருக்கிற கிரே துணி எடை, கிரே ஜிஎஸ்எம் எல்லாம் சேர்ந்து மாறி, படிக்கிறவர் அதை நிறமாக எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. பையருக்குப் போகிற ஷீட்டில் இந்த இடத்துக்கு 'கிரேஜ்' என்றே எழுதுங்க, குழப்பமே வராது.

நிறங்களுக்கு எண்ணும் பெயரும் கொடுக்கிற பான்டோன் நிறுவனத்தின் பெயர்களிலும் கை வைக்காதீங்க. 2021-ம் ஆண்டின் நிறங்களில் ஒன்றாக அறிவித்த 17-5104 'அல்டிமேட் கிரே' என்பது 'ஏ' போட்டது. இங்கிலாந்து பையருக்கான லேப் டிப் அட்டையிலும் அது 'ஏ'தான்.

ரிப்போர்ட்_டெஸ்க்:

மிக்க நன்றி, நிறைய தெளிவாயிற்று. இன்னும் இரண்டு இடம் பாக்கி. 'மெர்சரைஸ்' போன்ற சொற்களில் 'எஸ்' போடணுமா, 'இசட்' போடணுமா? ஐஎஸ்ஓ டாக்குமெண்டிலேயே கலருக்கு 'யு' போட்டுவிட்டு, 'ஐஸ்' விகுதிக்கு 'இசட்' போட்டிருக்கிறார்கள். அது பிழையா? அடுத்தது வாஷ்கேர் லேபிள். ஒரே லேபிளை இரண்டு நாட்டுக்கும் பயன்படுத்தலாமா?

ஒற்றெழுத்து:

பிழை இல்லை. 'இசட்' என்றால் அமெரிக்கன், 'எஸ்' என்றால் பிரிட்டிஷ் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது பாதிதான் உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வழக்கில் 'யு'வும் உண்டு, 'இசட்'டும் உண்டு. ஐஎஸ்ஓ பின்பற்றுவது அதைத்தான். அவர்களின் ஆங்கிலப் பெயரில் 'ஆர்கனைசேஷன்', 'ஸ்டாண்டர்டைசேஷன்' இரண்டிலும் 'இசட்' இருப்பதைக் கவனியுங்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் பெயரில் 'லேபர்' 'யு'வோடு, 'ஆர்கனைசேஷன்' 'இசட்'டோடு ஒரே வரியில் நிற்கிறது.

ஆக, அமெரிக்க செட்டுக்கு 'இசட்' கட்டாயம். பிரிட்டிஷ் செட்டுக்கு இரண்டில் எதுவும் ஆகும், ஆனால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். என் தேர்வு 'எஸ்'. இங்கிலாந்தில் கடைகளும் செய்தித்தாள்களும் பெரும்பாலும் அதையே எழுதுகின்றன, பையரின் கண்ணுக்குப் பழகியது. வேர்டின் யுகே அகராதி இரண்டையும் ஏற்பதால் கலந்து எழுதினாலும் கோடு வராது, நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடும்போது சில சொற்களைத் தனியே வையுங்கள். அட்வைஸ், ரிவைஸ், சூப்பர்வைஸ், எக்சர்சைஸ் இவற்றுக்கு அமெரிக்காவிலும் 'எஸ்'தான். அளவைக் குறிக்கும் 'சைஸ்'க்கு எங்கேயும் 'இசட்'தான். 'அனலைஸ்' அமெரிக்காவில் 'இசட்', இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுகாரர்கள் உட்பட எல்லோருக்கும் 'எஸ்'. 'சான்ஃபரைஸ்டு' என்பது சான்ஃபோர்ட் கிளூயட் என்பவரின் பெயரிலிருந்து வந்த வணிகக்குறி, அதில் 'இசட்' மாறாது. 'மெர்சரைஸ்' ஜான் மெர்சர் என்ற லங்காஷயர்காரரின் பெயரிலிருந்து வந்தாலும் பொதுச்சொல்லாகிவிட்டது. அதை உங்கள் செட்டுக்குத் தகுந்தபடி எழுதலாம்.

லேப்_மேசை:

லேபிளுக்கு என் யோசனை, 'கலர்' என்ற சொல்லே வராமல் எழுத முடிகிற இடத்தில் தவிர்த்துடுங்க. உள்ளே புழங்குகிற அட்டை, ரோல் ஸ்டிக்கர், டிப் அட்டையில் நெடுவரிசைத் தலைப்பை 'ஷேடு' என்று போடுங்க. பட்டறையில் வாயால் சொல்வதும் அதுதான், இரண்டு நாட்டிலும் ஒரே எழுத்து.

வாஷ்கேரில் "ஒத்த கலர்களோடு துவைக்கவும்" என்ற வாசகம் பையர் கொடுப்பது, தவிர்க்க முடியாது. அங்கே இரண்டு லேபிள் வேணும். ஆடை விவரங்கள் அடங்கிய டெக் பேக்கில் பையர் அனுப்பிய வரியை அடிக்காமல் அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க. சாட்டின் ரோலில் அச்சாகித் தைத்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்த ஒவ்வொரு பீஸிலும் தையலைப் பிரிக்கணும். நைட்வேர் என்றால் 'பைஜாமா'வையும் பாருங்க. இங்கிலாந்துக்கு 'பி'க்கு அடுத்து 'ஒய்', அமெரிக்காவுக்கு 'ஏ'. கார்ட்டன் மேல் அச்சடிக்கிற விவரத்திலும் இது வரும்.

எழுத்தோடு சேர்த்துத் தேதியையும் மாற்றணும். 03/04 என்றால் இங்கிலாந்துக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவுக்கு மார்ச் 4. இரண்டு செட்டிலும் மாதத்தை எழுத்தில் போட்டுடுங்க.

நிரல்_பட்டறை:

டெம்ப்ளேட் அமைப்புக்கு ஒரு வழி. டெஸ்ட் பெயர்களை ஒரு தனி ஷீட்டில் எண்ணோடு சேர்த்து வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடுங்க. ரிப்போர்ட்டில் டிராப்டவுனில் 105-சி06 என்று தேர்ந்தெடுத்தால் முழுப்பெயர் தானாக 'யு'வோடு வரணும், 61 என்றால் 'யு' இல்லாமல், ஒட்டி வரணும். யாரும் கையால் அடிக்கவே வேண்டாம். ஃபைல் பெயரின் கடைசியில் யுகே, யுஎஸ் என்று சேர்த்தால் தவறான செட்டை எடுத்து அனுப்புவது குறையும்.

ஒற்றெழுத்து:

விட்டுப்போன ஒன்று. 'டையிங்' என்ற சொல்லை இரண்டு செட்டிலும் தனியே தேடிப் பாருங்கள். சாயம் ஏற்றுவதற்கு 'ஒய்'க்கு அடுத்து 'இ' வேண்டும். அந்த 'இ' விழுந்தால் 'சாவது' என்று பொருள். அதுவும் சரியான ஆங்கிலச் சொல் என்பதால் யுகே, யுஎஸ் எந்த அகராதி வைத்தாலும் கோடு வராது. இது நாட்டு வழக்கு வேறுபாடு இல்லை, எல்லா நாட்டிலும் பிழை. லெட்டர்ஹெட்டிலிருந்தே தொடங்குங்கள்.